பிலவேந்திரன் கைக்குப் பழகிய விசைகள்

வியாழனின் நிலா யூரோப்பா, பனி நிலையம்
பதிவு: நூர்ஜமீலா, கணினிப் பொறியாளர்

நாள் 211, 09:10
பிரதான கணினி எரிந்துபோய் மூன்று நாள். காற்றுப் பம்பு இப்போது மாற்றுக் கணினியில் ஓடுகிறது. அதில் வேறு இயங்குதளம். எச்சரிக்கை மணி இன்னும் இணைக்கப்படவில்லை. நிலையத்தில் நாங்கள் இருவர்தான். துளைப்பொறியாளர் பிலவேந்திரன் அண்ணன் பன்னிரண்டு வருடம் பழைய கணினியில் வேலை செய்தவர். இதில் நகலெடுக்கப் போனால் கோப்பு மூடிக்கொள்கிறது. இன்டர்காமில் சொன்னார்: "கை கேக்க மாட்டேங்கு தங்கச்சி."

நாள் 212, 16:40
குறுக்குவிசைகளை அவர் கைக்கு ஏற்ப மாற்றிவிட்டேன். நகல், ஒட்டு, சேமி, தேடு எல்லாம் பழைய இடத்தில். ஒன்று பாக்கி. பம்பு நிரல் ஓடும் கறுப்புக் கட்டளைத் திரையில் மட்டும், அவர் நகலெடுக்க அழுத்தும் அதே விசைகள் ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்திவிடும். நாளை சரிசெய்ய வேண்டும். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடமும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நாள் 213, 11:05
ஆண்டெனா சாய்ந்துவிட்டது. எழுந்ததும் அதைச் சரிசெய்ய வெளியே வந்துவிட்டேன். தலைக்கவசத்தில் பேசிப் பதிகிறேன். அண்ணனிடமிருந்து: "பம்பு அழுத்தம் கேட்டியே, திரையில ஓடுது. காப்பி பண்ணி அனுப்புதேன்."
அளவு வரவில்லை. மறந்திருப்பார்.

நாள் 213, 17:30
பம்பு நின்றிருந்தது. ஆறு மணி நேரமாக. கட்டுப்பாட்டு அறையில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கெட்ட காற்று மெல்ல ஏறியிருக்கிறது, அவருக்குத் தெரிந்திருக்காது. தூங்குகிறார் என்று நினைத்து எழுப்பினேன். எழுப்பிக்கொண்டே இருந்தேன்.
திரையில் அழுத்த அளவு அப்படியே நின்றது. கீழே ஒரு வரி: நிரல் நிறுத்தப்பட்டது.

நாள் 215, 10:00
பூமியிலிருந்து: "இயக்கியவரின் கவனக்குறைவு என்று அறிக்கையை முடிக்கிறோம். உங்கள் ஒப்புதல் தேவை."
தரவில்லை. விசைகளை மாற்றியது நான், ஒன்றை விட்டதும் நான், தெரிந்தும் சொல்லாமல் இருந்ததும் நான் என்று எழுதினேன். அதையே அவர் மனைவி செல்வராணிக்கும் அனுப்பினேன்.

நாள் 216, 14:20
செல்வராணி அக்காவின் குரல்: "நீ எழுதுனத படிச்சேம்மா. போறதுக்கு முந்தின நாளு அவுக எனக்கு எழுதியிருந்தாவ. 'நூரு எனக்காவ ஒக்காந்து எல்லாத்தையும் மாத்திக் குடுத்துட்டா, இனி பயமில்ல'ன்னு. இத ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் நெனச்சேன். சொல்லாம இருக்க முடியல."

நாள் 216, 18:15
நான்கு மணி நேரமாகப் பதில் எழுதுகிறேன். இதுவரை எழுதியது:
அக்கா, அவர்