மூன்று சுழி

என்றும் அன்புள்ள உங்களுக்கு,

வணக்கம். நானும் வீடும் இருக்கிறோம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, கண் வலி குறைந்ததா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம். பிரித்தால் இரண்டே வரி. "அக்கா வீட்டுப் பக்கத்துப் பட்டறையில் ஒரு கடைசல் மெஷின் சும்மா கிடக்கிறது, ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எந்தக் கண் வாங்கலாம்?" அவ்வளவுதான். 'கண்' என்று மூன்று சுழி போட்டு எழுதியிருந்தீர்கள். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன கண்ணுக்குப் பதிலாக எந்தக் கண்ணை வாங்குவது என்று என்னைக் கேட்கிறீர்கள் என்றே நினைத்தேன். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா ஓடி வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள். "அடியேய், அவரு குளூ கன்னைக் கேக்குறாருடி, பசை ஒட்டுவீங்களே அது" என்றாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

உங்களுக்கும் சுழிக்கும் என்றைக்கு ஒத்துப்போனது? கடைப் பலகையிலேயே 'மரக்கின்னம் கிடைக்கும்' என்று எழுதி மாட்டி மானத்தை வாங்கினவர்தானே நீங்கள். பதினெட்டு வருஷமாகச் சிரித்த தப்புக்கு அன்றைக்குத்தான் அழுதேன்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஒட்டுவது நான், கடைவது நீங்கள் என்று பங்கு போட்டுக்கொண்ட வேலை. அதனால்தான் என்னைக் கேட்டீர்கள். வேறு அர்த்தம் எதையும் நானாகக் கட்டிக்கொள்ளவில்லை.

கன் பெரியதாக இருக்கட்டும். சுண்டுவிரல் தடிமனுள்ள பசைக்குச்சி போகிறதைக் கேட்டு வாங்குங்கள். பென்சில் தடிமன் குச்சி போடுகிற சின்னதை, கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும், தொடவே தொடாதீர்கள். அது பூவும் பாசிமணியும் ஒட்டத்தான். எண்பது வாட்ஸுக்குக் குறைந்தால் வேண்டாம். கடையிலேயே சொருகிச் சூடேற்றச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். பசை திக்கித் திக்கி வராமல் தேன் மாதிரி ஒழுக வேண்டும். விசையை நாலைந்து தடவை அழுத்திப் பாருங்கள். நம்முடையதில் முதலில் கெட்டது விசைதான்.

ஒட்டுவதற்கு முன்னால், மெஷினில் மாட்டுகிற அடிக்கட்டைக்கும் அதன்மேல் ஒட்டுகிற கிண்ணத்துக்கும் கொஞ்சம் சூடு காட்டுங்கள். உங்கள் அக்காவிடம் தலை உலர்த்துகிற மெஷின் இருக்கும், அது போதும். மரம் குளிர்ந்து கிடந்தால் பசை பட்ட மாத்திரத்தில் உறைந்துவிடும். பார்ப்பதற்கு ஒட்டின மாதிரி இருக்கும், ஆனால் ஒட்டியிருக்காது. பசை விட்டால் பத்து எண்ணுவதற்குள் அழுத்திவிடுங்கள். பிறகு விளிம்பைச் சுற்றி இன்னொரு வரி. மெஷினின் எதிர்முனையைக் கிண்ணத்துக்கு எவ்வளவு நேரம் முட்டுக் கொடுக்க முடியுமோ கொடுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது விட்டுவிட்டுத் தேயுங்கள், சூடேறினால் பசை இளகும். எல்லாம் முடிந்து கிண்ணத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் கத்தியை விட்டு நெம்பாதீர்கள். ஓரத்தில் நாலு சொட்டு ஸ்பிரிட் விட்டால் தானே விட்டுவிடும். மரத்தில் தழும்பு விழாது.

இதுவரை எழுதி மூன்று நாள் மூடி வைத்திருந்தேன். இத்தோடு ஒட்டித் தபாலில் போட்டுவிடலாம், உங்களுக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. போட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், வந்து பார்த்தவர்களிடம், உங்கள் அக்காவிடம், எல்லோரிடமும் நீங்கள் ஒரே கதைதான் சொன்னீர்கள். "உப்புத்தாளை நான்தான் அழுத்திப் பிடித்துவிட்டேன், பசை இளகிக் கிண்ணம் தெறித்துக் கண்ணில் அடித்துவிட்டது, என் கை அப்படி" என்று. நான் பக்கத்தில் நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஊருக்குக் கிளம்பும்போது, உன் முகத்தைப் பார்த்தா நான் பண்ணின தப்புதான் ஞாபகம் வருது, கொஞ்ச நாள் தள்ளி இருக்கேன் என்றீர்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் போயிருக்க மாட்டீர்கள், அல்லது என்னைத் துரத்தியிருப்பீர்கள். எது நடந்தாலும் உங்கள் கைமேல் உங்களுக்குப் பயம் வந்திருக்காது. நான் பையைத் தூக்கிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

உங்கள் கையில் தப்பில்லைங்க. பெரிய கன்னின் விசை உடைந்து கிடந்ததே, அதைச் சரிபார்க்கக் கொடுக்கச் சொல்லி நாலு நாள் சொன்னீர்கள். அன்று காலையில், கன் சரியாச்சா என்று கேட்டீர்கள். "ஆச்சு" என்றேன். ஆகவில்லை. அது அலமாரியில் உடைந்தபடியேதான் இருந்தது. பன்னிரண்டு கிண்ணத்தில் கடைசி ஒன்றுதானே என்று தையல்கார அக்காவிடம் பாசிமணி ஒட்டுகிற சின்னக் கன்னை வாங்கி வந்து ஒட்டிவிட்டேன். மரம் ஜில்லென்று இருந்தது. சூடும் காட்டவில்லை. உங்களுக்குப் பயந்து பொய் சொன்னேன் என்று சொல்லக்கூட வழியில்லை, நீங்கள் ஒரு நாளும் என்னைக் கடிந்து பேசியதில்லை. வெறும் சோம்பல். பாவம், அந்த அக்காவுக்கு இது தெரியாது. இன்றைக்கும் அதே கன்னில்தான் சட்டைகளுக்கு மணி ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் தேய்த்துக்கொண்டிருந்தபோது கட்டைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே முடி அளவுக்கு ஒரு இடைவெளி தெரிந்தது. நான் பார்த்துவிட்டேன். மெஷினை நிறுத்துங்கள் என்று கத்தியிருக்க வேண்டும். வாயில் வந்தது "என்னங்க!" நான் என்னங்க என்றால் எந்தச் சத்தத்திலும் உங்களுக்குக் கேட்டுவிடும். மெஷின் ஓட ஓட முகக் கவசத்தைத் தூக்கிவிட்டு, என்னம்மா என்று திரும்புவீர்கள். அப்படித் திரும்புவதைப் பார்ப்பதற்காகவே ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கும் தூக்கினீர்கள். அன்றைக்கும் 'என்னம்மா' என்றீர்கள்.

நீங்கள் போன மறுநாள் பெரிய கன்னைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சுருள்கம்பி மாற்றினார்கள், கால்மணி நேர வேலை. இப்போது நன்றாக அழுத்துகிறது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், இதை எடுத்துக்கொள்ள வாருங்கள் என்று எழுதத்தான் மனசு துடிக்கிறது. எழுதுகிற தகுதி இல்லை. அனுப்பு என்று ஒரு வரி போட்டால் துணி சுற்றிப் பத்திரமாக அனுப்பிவைக்கிறேன். ஒன்றும் எழுதாவிட்டாலும் அது எனக்குச் சேர வேண்டிய பதில்தான், வாங்கிக்கொள்வேன்.

மிச்சமிருக்கும் கண் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். உளியைப் பயப்படாமல் எடுங்கள். அந்தக் கையைப் போல நல்ல கை கிடையாது.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். மெஷின் ஓடும்போது யார் கூப்பிட்டாலும் முகக் கவசத்தைத் தூக்காதீர்கள். என்றைக்காவது ஒருநாள் உங்கள் முதுகுக்குப் பின்னால் நான் வந்து நின்று "என்னங்க" என்றாலும் தூக்காதீர்கள். முதலில் மெஷினை நிறுத்துங்கள். அது முழுசாக நிற்கட்டும். எவ்வளவு நேரமானாலும் நான் நின்றுகொண்டிருப்பேன். அப்புறம் திரும்பினால் போதும்.

இப்படிக்கு,
உங்களைக் கூப்பிட்டவள்