கணக்கில் மூன்று

இன்று காலை நிலம் துடைத்து முடித்துத் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது, மேசையில் யாரோ விட்டுப்போன செய்தித்தாள் கிடந்தது. தாதியர் படிப்பில் சேர நோர்வே மொழியிலும் கணக்கிலும் ஆறு புள்ளிக்குக் குறைந்தது மூன்று எடுத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்துவது பற்றி எழுதியிருந்தார்கள். இரண்டு தரம் வாசித்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். களைப்புத்தான் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாடிக்குப் போனேன்.

நீயும் நானும் பத்து வருடம் சேர்ந்து துடைத்த மாடி அது. நீ யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்துபோயிற்று. அது இல்லாமல் இங்கே கல்லூரியில் இடமில்லை. இடமில்லாவிட்டால் அரசின் படிப்புதவியும் இல்லை. இருபத்து மூன்று வயது தாண்டி, ஐந்து வருடம் வேலை செய்தவர்கள் மேல்நிலைப் பள்ளியின் ஆறு பாடங்களில் தேறினால் போதும் என்று ஒருநாள் நீதான் அறிந்து வந்தாய். இருவரும் பெயர் கொடுத்தோம். நான் களைப்பென்று சொல்லி முதல் பாடத்தோடு நின்றுவிட்டேன். நீ புறநகர் ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து வேலைக்கு வரும் ரயிலில் புத்தகத்தை மடியில் விரித்தபடி நான்கு வருடத்தில் ஆறையும் முடித்தாய். கணக்கில் மட்டும் இரண்டு. தேர்ச்சிதான், ஆனால் தாதியர் படிப்புக்குப் போதாது.

“திரும்ப எழுதுவன்” என்றாய். எழுதினாய். மறுபடியும் இரண்டு.

அன்று இதே இடைவேளை அறையில் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தோடம்பழம் உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினாய். நான் வாங்கிக்கொண்டே சொன்னேன்: “போதும், விடு. நாப்பது வயசிலை உனக்கு ஏன் இந்தக் கரைச்சல்?”

“களைச்சுப் போனது நீ. நான் இன்னும் களைக்கேல்லை.”

அதன்பின் பல வாரங்கள் வேலையைத் தவிர வேறெதுவும் நீ என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் தரம் எழுதப்போனதையும் சொல்லவில்லை. கணக்கில் மூன்று வந்தது. கல்லூரிக் கடிதத்தையும் படிப்புதவிக் கடிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்து காட்டினாய். “நல்லம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

முதியோர் இல்லத்தில் பயிற்சிக்குப் போன காலத்தில் உன் குரலே மாறியிருந்தது. தன்னைக் குளிப்பாட்ட யாரையும் விடாத ஒரு கிழவியைப் பற்றித் தொலைபேசியில் சொன்னாய். “என்னை மட்டும் விட்டவ. சிஸ்டர் எண்டு கூப்பிட்டவ. நான் இன்னும் மாணவிதான் எண்டன். அதாலை என்ன, உன்ரை கை சூடாயிருக்கு எண்டா.”

வயிற்றுவலியைப் பரீட்சைப் பயம் என்று நினைத்துத் தள்ளிப்போட்டாய். மருத்துவர் கண்டுபிடித்தபோது புற்றுநோய் ஈரல்வரை பரவியிருந்தது. இரண்டாம் வருடத்துப் புத்தகங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்தன, திறக்கப்படவில்லை.

மரண அறிவித்தல் எழுத வந்தவர், “என்ன தொழில் எண்டு போடுறது?” என்று கேட்டார். உன் கணவர் என்னைப் பார்த்தார்.

“மாணவி எண்டு போடுங்கோ,” என்றேன்.

“நாப்பத்து நாலு வயசு எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“ஓம். தாதியர் கல்லூரி மாணவி.”

எழுதினார். இறுதிச் சடங்கு மண்டபத்தில் சிலர் அதை வாசித்துவிட்டுத் தங்களுக்குள் கதைத்தார்கள். நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

உனக்குச் சொல்லத்தான் ஒன்று மிச்சம் இருக்கிறது. முதல் பாடத்தோடு நான் நின்றது களைப்பால் இல்லை. அந்தச் சோதனையில் நான் தேறவில்லை. உனக்கு அதை மறைத்துவிட்டேன். நீ என்னைத் தாண்டிப் போவதைப் பார்க்க முடியாமல்தான் உன்னையும் நிற்கச் சொன்னேன். நல்லவேளை, நீ கேட்கவில்லை.