உதடு தெரியாத படம்

அக்கா,

நேற்று உன் லேப்டாப்பில் படம் தெளிவாக ஓடியது. தம்பி அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், நீ வைத்திருந்த லினக்ஸ் இயங்குதளத்தை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டிருக்கிறான். "கண்ணாடி மாதிரி இருக்கு, வந்து பாருக்கா" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். அதே லேப்டாப், அதே திரை, தொடர் பார்க்க நீ ஆரம்பித்த அதே கணக்கு. நடிகையின் மேலுதட்டில் இருந்த மச்சம்கூடத் தெரிந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். அவள் பேசியதை உதட்டசைவில் என்னாலேயே படிக்க முடிந்தது. தம்பி பொண்டாட்டி கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். ஏனென்று அவர்களுக்குப் புரியவில்லை.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் காதுகளைக் கொண்டுபோனது. பேச்சும் போய்விடாமல் காத்தவர் அப்பா. தறிகளின் இரைச்சலுக்கு நடுவே வாயசைவிலேயே பேசிப் பழகிய மில் தொழிலாளி அவர். உன் எதிரே உட்கார்ந்து அதே போலப் பேசினார். பார்த்துப் பார்த்து நானும் தம்பியும் கற்றுக்கொண்டோம். வெளியாட்கள் உன் குரலைக் கேட்டுச் சிரித்ததால், வீட்டுக்கு வெளியே நீ வாயைத் திறப்பதை விட்டுவிட்டாய்.

அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் கொடுப்பதுதான் உன் வேலை. அதற்காக வாங்கிய பழைய லேப்டாப்பில் நீயே லினக்ஸ் போட்டுக்கொண்டாய். ஊரில் யாரிடமும் இல்லாததை எதற்கு இழுத்துவிட்டுக்கொள்கிறாய் என்று நான் கேட்டபோது சொன்னாய்: "மத்ததெல்லாம் டிங்குனு ஒரு சத்தம் போட்டுட்டு நிக்குமாம். இது என்ன ஆனாலும் எழுதிச் சொல்லுதுடி."

பிறகு, இன்டர்நெட்டில் காசு கட்டிப் பார்க்கிற அந்தத் தொடர் வந்தது. நான் வேலை பார்க்கும் கடையில் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள் என்று நான் சொன்னதும் உனக்கும் ஆசை வந்துவிட்டது. அதில் வசனம் தமிழில் எழுத்தாக ஓடாது. ஆங்கிலத்தில் ஓடுவதைப் படித்து முடிப்பதற்குள் பேசுகிற முகம் மாறிவிடும். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம் என்று, இருப்பதிலேயே உயர்ந்த தரத்துக்குப் பணம் கட்டினாய். முதல் நாள் திரையைப் பார்த்து நாம் இரண்டு பேரும் விழித்தோம். மழை வழியும் பஸ் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர்கள் போல முகங்கள். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திட்டு.

இன்டர்நெட் மேல் குறையில்லை, இலவச வீடியோக்கள் பளிச்சென்று ஓடின. பிரவுசரை மாற்றினாய், கறுப்புத் திரையில் என்னென்னவோ கட்டளை அடித்தாய். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தாய். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் படத்தைத் திருடிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர்களுக்கு மங்கலான படத்தைத்தான் கம்பெனி அனுப்புகிறதாம். யாரோ எழுதிவைத்த ஒரு சின்ன நிரலைச் சேர்த்ததும் படம் தெளிந்தது. அன்று நீ கைதட்டிச் சிரித்தாய். சில நாளில் கம்பெனிக்காரன் எதையோ மாற்றினான், திரை மறுபடி மங்கியது. "காசு மட்டும் தெளிவா வாங்கிக்கிறான்" என்றாய்.

மின்னஞ்சலில் புகார் எழுதினாய். இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று பதில் வந்தது. எனக்குக் காது கேட்காது என்று எழுதினாய். வசதியான நேரத்தைச் சொல்லுங்கள், நாங்களே அழைக்கிறோம் என்றார்கள்.

நான்தான் பேசினேன். எடுத்தவன் மரியாதையாகவே பேசினான். "கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும் மேடம். பேரை மட்டும் அவங்க வாயால சொல்லச் சொல்லுங்க, போதும்." காது கேட்காதவர் என்று சொன்னேன். அது விதிமுறை என்றான்.

நீ போனை வாங்கினாய். அந்நியனிடம் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. உன் பேரைச் சொன்னாய். ஸ்பீக்கரில் அவன் குரல்: "லைன் சரியில்ல, திரும்பச் சொல்லுங்க." நான் வாயசைத்தேன். இன்னும் உரக்கச் சொன்னாய், கழுத்து நரம்பு புடைக்க. மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாய். அவனுக்குப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அதை நீ கேட்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டாய். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பாதியில் விட்டிருந்த பத்திரிகை வேலையைத் திறந்துகொண்டாய்.

விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று தம்பி அப்போதே சொன்னான். "அவன் என்னத் திருடின்னு சொல்லுவான், நான் வீட்ட மாத்திக்கணுமா?" என்றாய். எனக்கு உன் வீம்பு பிடித்திருந்தது.

என் போனில் படம் தெளிவாகவே ஓடும். ஆனால் உள்ளங்கை அளவு திரையில் உதடு எள்ளளவு. ஆகவே வேலை முடிந்து அரியாங்குப்பம் வருகிற பஸ்ஸில் நான் பார்த்துவிடுவேன். வந்ததும் சமையலறையில் உன் முன்னால் நின்று எல்லாருடைய வசனத்தையும் பேசுவேன். நீ காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்ப்பாய். "மாமியார ரொம்ப நல்லவளாக்கிட்ட நீ. நாளைக்கு ஒழுங்காப் பாத்துட்டு வா" என்று திட்டுவாய்.

உனக்கு நுரையீரலில் நோய் கண்டது அந்தச் சமயத்தில்தான். ஆஸ்பத்திரி வார்டில் எல்லாருடைய வாயும் முகக்கவசத்துக்குள் இருந்தது. டாக்டர் உன் கட்டிலருகே நின்று என்னிடம் பேசிவிட்டுப் போவார். நீ கண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பாய். அவர் போனதும் நான் என் கவசத்தை இறக்கி உனக்குச் சொல்வேன். நர்ஸ் சத்தம் போடுவார். தினமும் இறக்கினேன். கடைசியாக நீ கேட்டது கதையைப் பற்றி. இன்னும் பார்க்கவில்லை என்றேன். "பாத்துட்டு வா" என்றாய்.

அந்தக் கம்பெனி மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரிய அநியாயம் எத்தனையோ நடக்கிற நாட்டில், ஒரு தொடருக்காகவா இவ்வளவு என்று தம்பி கேட்கிறான். கேட்கட்டும். உன்னைத் திருடி என்றவர்கள், உன் பேரை உன் வாயாலேயே கேட்டுச் சிரித்தவர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மிச்சமிருந்த பகுதிகளை நீ போன பிறகு அதே பஸ்ஸில் பார்த்து முடித்தேன். பார்க்கும்போதே என் வாய் அசைந்துகொண்டிருந்திருக்கிறது, பக்கத்து சீட்டுப் பெண் ஒரு மாதிரி பார்த்தாள். கடையில் அதைப் பற்றிப் பேச்சு வரும்போது நான் எழுந்து போய்விடுகிறேன். முடிவை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சத்தமில்லாத வசனங்களாக அது என் வாய்க்குள்ளேயே இருக்கிறது.