மெர்சிக்காகப் பணம் திரட்டும் கம்பெனி

சனி, இரவு

தருமத்துக்குப் பணம் திரட்டும் கம்பெனி செய்வது தருமமா, வியாபாரமா?

சித்தி மகள் மெர்சியின் பெண்ணுக்கு இருதய ஆபரேஷன். திருப்பதிக் கம்பெனி ஒன்று இன்டர்நெட்டில் குழந்தையின் படத்தைப் போட்டுப் பணம் திரட்டுகிறது. நாளை எங்கள் சித்தூர் சபையும் அதன் வழியாகவே கொடுக்கப்போகிறது. இன்று கம்பெனிக்குப் போன் செய்து, வசூலில் பிடிக்கும் கமிஷனில் வருஷக் கடைசியில் மிஞ்சும் லாபம் யாருக்கு என்று கேட்டேன்.

"ஓனருங்களுக்குத்தான் மேடம். நாங்க டிரஸ்ட் இல்லையே, பிரைவேட் லிமிடெட்," என்றாள் அங்கிருந்த பெண், கூச்சமே இல்லாமல்.

மெர்சியிடம் சொன்னேன்.

"அவன் இன்னாவோ எடுத்துக்கினு போறான் அக்கா. வேற எவன் எனக்காகக் கேட்டுக்கினு இருக்கான்? நாளைக்கு நீ சபையில வாயத் தொறக்காத."

தெரிந்த பிறகு எப்படிப் பேசாமல் இருப்பது? களைப்பாக இருக்கிறது.

ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சொல்லிவிட்டேன். கம்பெனி வேண்டாம், ஆஸ்பத்திரியிலேயே நேராகக் கட்டிவிடலாம் என்றேன். முதல் பாதி மட்டும்தான் எல்லோருக்கும் காதில் விழுந்தது. "நல்ல வேளை சொன்னீங்க டீச்சர், ஏமாந்திருப்போம்," என்று ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, ஒன்றும் கொடுக்காமல் வீட்டுக்குப் போனார்கள். மெர்சி பெண்ணைத் தூக்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.