ஒரு வாசப்படிகூட மிதிக்காமல் நிரப்பின நாற்பது தாள்

மத்திகிரி,
12.11.2006

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா எழுதறது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், டெல்லிக் குளிர்ல நீயும் அப்படியே இருக்கணும், ஸ்வெட்டரைப் பெட்டியில வச்சு அழகு பார்க்காம போட்டுக்கோ. அண்ணனுக்கு இந்த மாசம் செகண்ட் ஷிப்ட், கம்பெனி பஸ் விட்டு இறங்கினா சோறு, படுக்கை, அவ்வளவுதான். ராயக்கோட்டையில தக்காளி விலை விழுந்துபோச்சுன்னு அப்பா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காரு. இதெல்லாம் போன்லயே சொல்லலாம், போன்ல சொல்ல வாய் வராத சேதி ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. உக்காந்து படி.

லீவுல வந்தப்ப உன் நகரப் புவியியல் எம்.பில். படிப்புக்குன்னு நாற்பது தாள் குடுத்துட்டுப் போனியே, நம்ம தெருவுல வரிசையா ரூம் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுங்கள்ல குடியிருக்கிற கம்பெனி ஆளுங்ககிட்ட வீடு வீடா கேட்டு எழுதி அனுப்புன்னு. நான் ஒரு வாசப்படிகூட மிதிக்கல கண்ணு. எல்லாத்தையும் நானே உக்காந்து எழுதினேன். முதல் கேள்வியே தண்ணி எத்தனை மணி நேரம் வருதுன்னு இருந்துச்சு. நீ காலேஜ் போன பிறகு பின்னாடி கட்டினமே நம்ம லைன், பன்னெண்டு வீட்டுக்கும் ஒரே குழாய், ரெண்டு கக்கூஸ், காலையில ஒரு மணி நேரம் வால்வைத் திறந்து மூடறது நான்தான். தண்ணி சேர்த்து வைக்கத் தரைக்கடியில சம்ப் கட்டியாச்சுன்னு உன்கிட்ட சொன்னதும் பொய். இதை உங்க சார் படிச்சுட்டு இவளோட அம்மாவா இப்படின்னு கேட்டா என்ன பண்றதுன்னு நாலு மணி நேரம்னு எழுதினேன். நம்ம வீடு மட்டும் நல்லா இருந்தா சந்தேகம் வருமேன்னு மத்த ஓனருங்க வீட்டையும் நல்லாவே எழுதிட்டேன், ஒரே மாதிரி இருக்கக்கூடாதுன்னு ஒரு வீட்டுக்கு மூணு, ஒரு வீட்டுக்கு அஞ்சுன்னு மாத்தி மாத்திப் போட்டேன். என்ன திருட்டுப் புத்தி பாரு எனக்கு.

போன வாரம் நீ போன் பண்ணி, நம்ம தெரு எல்லா ஊரையும்விட நல்லா இருக்குதாம், சார் அசந்துட்டாரு, அடுத்த மாசம் ஹைதராபாத்ல மேடையில கட்டுரையாப் படிக்கப் போறேன்னு சந்தோஷத்துல கத்தினப்ப, அடுப்புல பால் வச்சிருக்கேன்னு சொல்லி போனை வச்சுட்டேன். இந்தத் தெருவைப் பார்த்தவன் எவனாவது எழுந்து கேட்டா பொய்க்காரின்னு பேர் உனக்குத்தானே வரும், எனக்கா வரும்?

நாற்பது போக நீ கூடுதலா வச்சுட்டுப் போன வெறும் தாள் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அதை ஓசூர்ல ஜெராக்ஸ் போட்டு நாலு நாளா வீடு வீடா நானே போனேன். நம்ம லைன்ல ஏழாவது வீட்டுல மதுரைப் பக்கத்துப் பொண்ணு ராசாத்தி இருக்கா. எல்லாத்துக்கும் வெடுக்வெடுக்னு பதில் சொன்னவ, வீட்டு ஓனரால ஏதாச்சும் கஷ்டம் உண்டான்னு கேட்டதும் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, ஒண்ணும் இல்லன்னு போட்டுக்கங்கக்கான்னு சிரிச்சா. ஆடி மாசம் அவ புள்ளை பெத்து ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாள், அவ புருஷன் அழகர்சாமி ரெண்டு குடம் தண்ணி கேட்டு வாசல்ல நின்னான். காலையிலதான் வரும்னு சொல்லிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வச்சவ நான். அவ சொன்னபடி ஒண்ணும் இல்லன்னும் எழுதினேன், அதுக்குக் கீழே நடந்ததையும் எழுதி என் பேரைப் போட்டுக் கையெழுத்து வச்சிருக்கேன்.

புதுத் தாள் நாற்பதும் இந்தக் கவர்ல இருக்கு, பழசைக் கிழிச்சுப் போடு. தப்பு எங்கம்மாவுதுன்னு சார்கிட்ட சொல்லிடு, வெட்கப்படாத. இப்ப வால்வை நேரம் காலம் பார்க்காம திறந்து விடறேன்னு எழுதினா அதுவும் பொய், இன்னிக்கும் ஒரு மணி நேரம்தான். சம்ப் கட்டற பேச்சை அப்பாகிட்ட ஆரம்பிச்சிருக்கேன், அவரு தக்காளி விலைக்குப் பேச்சை மாத்தறாரு. கோபம் வந்தா திட்டி எழுது, பேசாம மட்டும் இருந்துடாத, அதை என்னால தாங்க முடியாது.

சந்திரசூடேஸ்வரர் துணையில நல்லாப் படிச்சு நூறு வருஷம் நல்லா இரு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, பெத்தவளாச்சேன்னு அந்த ஏழாம் நம்பர் வீட்டுத் தாளை மட்டும் எடுத்து ஒளிச்சு வச்சுடாத.

இப்படிக்கு,
உன் அம்மா
மு. பூவம்மாள்