நீ நூற்ற கம்பளி நூல்

இன்று காலை பீரோவைத் திறந்ததும் ஆட்டு வாடை குப்பென்று அடித்தது. விடாத மழையில் டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கிறது; உன் கம்பளி மட்டும் சும்மா இருக்குமா? நீ இருந்திருந்தால், "பூஞ்சை பிடிச்சுரும்ங்க" என்று அதையெல்லாம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூட்டில் பரப்பியிருப்பாய். வீடு முழுக்க நாற்றம் என்று நான் கத்தியிருப்பேன். இப்போது கத்துவதற்கும் ஆளில்லை.

ஃபேனைப் போட்டாலும் சட்டை நனைகிற இந்தத் தீவில் கம்பளி நூற்ற ஒரே பொம்பளை நீயாகத்தான் இருப்பாய். மகளைச் சிம்லா பக்கம் கட்டிக்கொடுத்ததால் வந்த வினை. அங்கே போயிருந்தபோது சம்பந்தியம்மாள் ஆட்டு மயிரை இழுத்து இழுத்துத் தக்ளியில் சுழற்றி நூலாக முறுக்குவதைப் பார்த்தாய். அவருக்குத் தமிழ் தெரியாது. நம் தீவு இந்தியை வைத்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாய். திரும்பும்போது நம் பெட்டியோடு ஒரு கம்பளி மூட்டையும் வந்தது.

"பேரப்பிள்ளைக்கு நம்ம பங்கா ஒரு போர்வையாச்சும் வேணாமா? அந்தக் குளிரப் பாத்தீங்கள்ல?" என்றாய். மகள் அப்போது உண்டாகியிருக்கவே இல்லை.

சாயத்துக்காக என்னை ஹேடோ தச்சுப்பட்டறைக்கு விரட்டினாய், சிவப்பு சிவப்பாய் உதிர்கிற படாக் மரத்தூள் வாங்கிவர. குழாய்த் தண்ணீரில் நிறம் மங்கிவிடும் என்று மழைக்குக் காத்திருந்து, கூரைத் தண்ணீரைப் பிடித்தாய். படிகாரம் போட்டு, தூளோடு சேர்த்துக் கம்பளியை வேகவைத்தாய். நான் கரண்டியை எடுத்தால், "கிண்டாதீங்க, கட்டியாப் போயிரும்" என்று கையில் தட்டுவாய். காய்ந்த பிறகு அதிலிருந்து தூளைப் பொறுக்குவதே உனக்கு வேலையாகிவிட்டது. என் சோற்றில்கூட மரத்தூள் கிடந்தது.

பாதி மூட்டையை நூற்றிருந்தபோது மூச்சுத் திணறல் வந்தது. தக்ளியைப் பீரோவில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாய். வீட்டுக்கு நான் மட்டும் திரும்பினேன்.

இப்போது மகளுக்கு மாதம் நெருங்குகிறது. போனில் கேட்டாள்: "அப்பா, அம்மா நூத்தத அனுப்பி வைங்க. டெலிவரிக்கு முன்னாடி சாஸுமா பின்னித் தர்றாங்களாம்." மாமியாரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அதற்காகத்தான் பீரோவைத் திறந்தேன். தக்ளியில் நூல் அப்படியே நின்றிருந்தது. மீதிக் கம்பளியையும் நூற்றுச் சேர்த்து அனுப்பலாம் என்று ஓர் ஆசை. நீ செய்ததைத் தினமும் பார்த்தவன்தானே?

உன் நூலின் நுனியில் புதுக் கம்பளியை ஒட்டித் தக்ளியைச் சுழற்றினேன். நான் இடதுகைக்காரன். நீ சுழற்றும் பக்கத்துக்கு நேர் எதிராக அது சுழன்றது. அது எனக்குத் தெரியவில்லை. நூல் நெகிழ்ந்தபோது முறுக்கு போதவில்லை என்று நினைத்து இன்னும் வேகமாகச் சுழற்றினேன். நூல் விட்டுப்போய்த் தக்ளி தரையில் விழுந்த பிறகுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் நான் நூற்கவில்லை. நீ நூற்றதைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் நீ கடைசியாக முறுக்கிய நூல் கையில் வெறும் மயிராகக் கிடந்தது.

உன் பக்கமாகவே திருப்பி முறுக்கிப் பார்த்தேன். மொத்தையும் முடிச்சுமாக வந்தது. அது என் நூல். வேண்டாம் என்று அதையும் பிரித்துவிட்டேன்.

மகளிடம் சொன்னேன். "கோயி பாத் நஹிப்பா, பரவால்ல, இருக்கறது போதும். சின்னதா பின்னிக்கலாம்" என்றாள். அவளுக்குப் போர்வை சிறியதாகும், அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லையே. நீ விட்டுப்போனதே கொஞ்சம். அதிலும் ஒன்றை என் கையாலேயே இல்லாமல் ஆக்கிவிட்டேன். இதை யாரிடம் சொல்லி அழ? சொல்வதற்கு இருந்தவள் நீ ஒருத்திதான்.

நூலையெல்லாம் நாளை பார்சலில் போடுகிறேன். பிரிந்துபோனதை மட்டும் அனுப்பவில்லை. என் சட்டைப்பையில் இருக்கிறது. எடுத்து எடுத்துத் தடவுகிறேன். உன் விரல் பட்ட இடம் எது என்று தெரியவில்லை.