ஏழாம் மாடி ஜன்னல்

அன்பு மகள் நிரஞ்சனாவுக்கு அப்பா எழுதுவது. சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுன் வீட்டில் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பெர்த் குளிரில் நீயும் அப்படியே இருக்க அம்மன் துணை. இதை ஃபோனில் சொல்லக்கூடாதா என்பாய். உன் தம்பி ஆதவனின் காதைத்தான் உனக்குத் தெரியுமே, அடுத்த அறையில் முணுமுணுத்தாலும் அங்கிருந்தே பதில் சொல்லுவான், அதனால்தான் காகிதம்.

ஆதவன் ஓட்டத்தை முடித்துவிட்டானம்மா. விடியற்காலையில் கிராஞ்சியில் கிளம்பி ஜூரோங் வழியாக சிராங்கூன் ரோடு வரை ஓடினான். தன்னைப் போலப் பார்வையில்லாத பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுத்தர நிதி திரட்ட வேண்டும் என்று அவனும் ரமீஸும் சேர்ந்து போட்ட திட்டம் அல்லவா. எத்தனை வருஷம், கயிற்றின் ஒரு முனை இவன் கையில், மறுமுனை வழிகாட்டி ஓடும் ரமீஸ் கையில். ரமீஸ் மாரடைப்பில் போனதிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கூட ஓட கிளப்பிலிருந்து ரஞ்சன் வந்தான், தங்கமான பையன், ஆனாலும் ஆதவன் ஒரே பிடிவாதம். ரமீஸின் மனைவி ருக்ஸானா கணவனுக்கான துக்க காலம், இத்தாவில் இருக்கிறாள், அது முடியும்வரை வெளியே வரமுடியாது, அதனால் அவள் இருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழே ஓடுவேன், அண்ணி ஜன்னலில் வந்து நின்றால் ரஞ்சனோடு நான் ஓட அவருக்குச் சம்மதம், நிற்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவேன் என்றான். ரமீஸின் தாயார் ஹலீமா அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். ஜன்னலில் நிற்பதில் தப்பில்லை, சொல்கிறேன் என்றார்.

நான் சைக்கிளில் தண்ணீரோடு பின்னாலேயே போனேன். இந்த வயதில் இந்தத் தொப்பையோடு போனதற்குச் சிரிக்காதே. ஜூரோங்கில் அந்தப் புளோக்கின் கீழே நின்று முகத்தை மேலே தூக்கி, அப்பா, அண்ணி நிக்கிறாங்களா என்று கேட்டான். ஏழாம் மாடியைப் பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது, திரையும் இழுத்துவிட்டிருந்தது. ரஞ்சன் தலையைக் குனிந்துகொண்டான். நான், நிக்கிறாங்கப்பா, ரெண்டு கையையும் ஆட்டுறாங்க என்று சொல்லிவிட்டேன். பிள்ளை கயிற்றோடு கையை உயர்த்தி, போய்ட்டு வரேன் அண்ணி என்று கத்தினான். பிறகு அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருந்தால் நீயும் அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பாய்.

சாயங்காலம் ஹலீமா அக்கா ஃபோன் செய்து அழுதார். ருக்ஸானா காலையிலிருந்து ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருந்தாளாம். தூரத்தில் இவர்கள் வருவது தெரிந்ததும், ரமீஸ் பிடித்த முனையை வேறொருவர் கையில் பார்க்க முடியாமல் எழுந்து சாத்திவிட்டாளாம். அவளை நான் என்ன சொல்ல முடியும்? சின்ன வயதிலிருந்து நான் சிவப்பு என்றால் அவனுக்குச் சிவப்பு, மழை வருகிறது என்றால் மழை. அந்தப் பிள்ளையிடம் இல்லாததை இருப்பதாகச் சொன்னது இதுதான் முதல் தடவை, நெஞ்சு ஆறவில்லையம்மா.

இத்தா முடிந்ததும் நேரில் போய், கையாட்டினதற்கு நன்றி சொல்லப் போகிறானாம். அவளுக்குச் சட்டைத் துணிகூட வாங்கிவைத்துவிட்டான். அதற்குள் நானே அவனிடம் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. நீ ஃபோனில் வாய் தவறிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. முடிந்தால் லீவு போட்டு வந்துவிட்டுப் போ. நான் சொல்லும்போது அவன் என் கையைத் தட்டிவிட்டால், பிடித்துக்கொள்ள உன் கையாவது பக்கத்தில் இருக்கட்டும்.

நீடூழி வாழ ஆசிகளுடன்,
உன் அப்பா
வடிவேலு